ஷிப்ட் நேரமும் பயிற்சி நேரமும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தின் அண்மைக் கால வரலாறு பெரும்பாலும் ஆலைகளின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல், 1998-இல் அங்கிருந்து சான்ட்ரோ, 2006-இல் நோக்கியா, 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012-இல் டெய்ம்லர். இதே ஆண்டுகளில் வேறொரு வரலாறும் நடந்துகொண்டிருந்தது. 1995-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. அவற்றில் ஆட்டிசம் இல்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2005-இல் பன்முகக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் அமைந்தது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலை 21 வகைகளாக விரித்தது. முட்டுக்காடும் ஒரகடமும் 2019 வரை ஒரே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தவை. அப்படியிருந்தும் இந்த இரு வரலாறுகளும் ஒன்றையொன்று கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சிறப்புக் குழந்தைகளை வளர்க்க நாம் உருவாக்கிய முறை, நாள் முழுக்கக் குழந்தையோடு இருக்கக்கூடிய ஒரு தாயை நம்பி எழுந்தது. ஆலை வட்டாரம் அந்தத் தாயின் நாளை வேறு விதமாகக் கூறு போட்டது. இன்றைய சிக்கலின் வேர் இதுதான் என்பது என் வாதம்.

அந்த முறை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1953-இல் மேரி கிளப்வாலா ஜாதவின் கில்ட் ஆஃப் சர்வீஸ் சென்னையில் பாலவிகாரைத் தொடங்கியபோது, மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைக்கும் கற்றுத்தரலாம் என்பதே பலருக்குப் புதிய செய்தி. பின்னர் சிறப்புக் கல்வியாளர்களான ஜெயச்சந்திரனும் விமலாவும் ‘மெட்ராஸ் டெவலப்மெண்டல் புரோகிராமிங் சிஸ்டம்’ என்ற மதிப்பீட்டு முறையை உருவாக்கினார்கள். உண்பது, உடுப்பது, பேசுவது, எண்ணுவது என 18 பிரிவுகள். பிரிவுக்கு 20 என மொத்தம் 360 செயல்கள். குழந்தையிடம் என்ன இல்லை என்று பட்டியல் போடாமல், அது எதைச் செய்கிறது, அடுத்து எதைக் கற்றுத்தரலாம் என்று அந்த முறை கேட்டது. இந்தியாவெங்கும் சிறப்புப் பள்ளிகள் அதை எடுத்துக்கொண்டன. 1981-இல் தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி, 1985-இல் பூனம் நடராஜன் தொடங்கிய, இன்று வித்யாசாகர் என்று அறியப்படும் நிறுவனம், 1989-இல் மதுரம் நாராயணன் மையம் என்று அடுத்தடுத்து வந்தன. மதுரம் நாராயணன் மையத்தின் ‘உபநயன்’ திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையோடு பெற்றோரும் மையத்துக்கு வந்து, அங்கே கற்றதை வீட்டில் தொடர்ந்து செய்கிறார்கள். இவை உண்மையான சாதனைகள். தமிழகம் பெருமைப்பட வேண்டியவை. ஆனால் எல்லாமே நகரத்தில் பிறந்தவை. வாரந்தோறும் பகல் வேளையில் குழந்தையைக் கூட்டிவர வீட்டில் ஒருவர் இருப்பார் என்ற நம்பிக்கையின் மேல் நின்றவை.

ஒரகடத்தில் அந்த ஒருவர் யார்? இங்கே வாரத்துக்கொரு முறை ஷிப்ட் மாறுகிறது. இந்த வாரம் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறும் தகப்பன் அடுத்த வாரம் நள்ளிரவில் வீடு திரும்புகிறான். ஒற்றை அறை வாடகை வீட்டில் பகலில் அவன் தூங்க வேண்டும். குழந்தை சத்தம் போடக்கூடாது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்கு ஒழுங்கு மாறாத நாள்தான் பெரிய ஆறுதல்: அதே நேரத்தில் அதே ஆள், அதே வரிசையில் வேலைகள். மாறுகிற ஷிப்ட் முதலில் குலைப்பது அந்த ஒழுங்கைத்தான். தாயும் வேலைக்குப் போனால் குலைவு இரட்டிப்பாகிறது. ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தால் விடுப்பு என்றாலே கூலி இழப்பு. சென்னை 40 கிலோமீட்டர்தானே, முட்டுக்காட்டில் தேசிய நிறுவனமே இருக்கிறதே என்று கேட்பார்கள். ஒரகடத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் பேருந்து மாறி மாறி அங்கே போய்வர ஒரு முழு நாள் போகும். நெரிசலையும் இரைச்சலையும் தாங்க முடியாத குழந்தையோடு ஒரு முறை போகலாம். பேச்சுப் பயிற்சியோ வாரா வாரம், ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டியது.

தாயைவிடச் சிறந்த பயிற்றுநர் உண்டா, உபநயன் திட்டமே அதற்குச் சான்றில்லையா என்ற மறுப்பு வலுவானது. பெற்றோர் பங்கேற்றால் குழந்தை முன்னேறுகிறது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் பங்கேற்பு வேறு, முழுப் பாரத்தையும் தலையில் ஏற்றுவது வேறு. 1943-இல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்த பிறகு, பாசமற்ற தாயே காரணம் என்ற கொடிய கருத்து மேலை மருத்துவ உலகில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கோலோச்சியது. ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-இல் அதை உடைத்தார். ஆட்டிசத்துக்குக் காரணம் தாய் என்பது போய்விட்டது. முன்னேற்றம் இல்லாவிட்டால் அதற்குத் தாயே பொறுப்பு என்பது மட்டும் இன்னும் நம் வீடுகளில் போகவில்லை. சட்டமும் அவளுக்கு நேரம் தரவில்லை. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம். அதுவும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும். பத்து வயதிலும் தனியாக விட முடியாத குழந்தையை அது நினைத்துப் பார்க்கவில்லை. மத்திய அரசின் பெண் ஊழியருக்குப் பணிக்காலத்தில் 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. மாற்றுத்திறனாளிக் குழந்தை என்றால் வயது வரம்பும் இல்லை. இமாச்சலப் பிரதேச அரசுக் கல்லூரி ஆசிரியை ஒருவரின் வழக்கில், இத்தகைய விடுப்பு பெண்கள் வேலையில் நீடிப்பதற்கான அரசியலமைப்புக் கடமையோடு சேர்ந்தது என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அசெம்பிளி லைனில் நிற்கும் பெண்ணுக்கு அந்த 730 நாளில் ஒரு நாள்கூடக் கிடையாது.

அந்தக் காலத்தில் கூட்டுக் குடும்பம் பார்த்துக்கொண்டதே என்ற ஏக்கமும் எழும். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இந்த ஊர்களில் அப்படிப்பட்ட குழந்தை பலர் கண்ணெதிரில் வளர்ந்தது உண்மை. சோறும் பாதுகாப்பும் கிடைத்தன, எழுத்து கிடைக்கவில்லை. அதனால் திரும்பிப் போவதற்கு ஒரு பொற்காலம் இல்லை. இன்று பாரத்தைப் பகிரக்கூடிய இடம் ஊர்ப் பள்ளிதான். 2009-இன் கல்வி உரிமைச் சட்டமும் அதன் 2012 திருத்தமும் இந்தக் குழந்தைகளைப் பள்ளிக்குள் கொண்டுவந்தன. ஆனால் அதே திருத்தம் கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் தந்தது. உரிமையாக எழுதப்பட்டது, ‘வீட்டிலேயே இருக்கட்டும்’ என்று சொல்ல வசதியான வழியாகிவிடக் கூடாது. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்குப் பள்ளி சுற்றுகிறவர். அவர் வராத நாள்களில் குழந்தை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும் மொழிப்பாட விலக்கும் தமிழகத்தில் உண்டு, நல்லது; அந்தச் சலுகை பத்தாம் வகுப்பில் வருகிறது, உதவி தேவைப்படுவதோ ஒன்றாம் வகுப்பில். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் என்ன செய்வார் என்பது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு உரிய பதில், பள்ளியிலேயே தினமும் இருக்கும் ஒரு சிறப்பாசிரியர். குழந்தையை வெளியே அனுப்புவது அன்று.

இதற்கெல்லாம் பணம்? 2013-இன் நிறுவனங்கள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் சிறப்புக் கல்வி பெயரோடு இருக்கிறது. ஆனால் பணத்தைவிட அரிதான ஒன்று ஆலைகளின் கையில் இருக்கிறது: ஷிப்ட் அட்டவணை. சிறப்புக் குழந்தை உள்ள தொழிலாளிக்கு மாறாத ஒரே ஷிப்ட், பயிற்சி நாளில் கூலி வெட்டில்லாத அரை நாள், காப்பகத்தில் ஆறு வயது வரம்புத் தளர்வு. உற்பத்தி கெடும் என்று நிர்வாகங்கள் தயங்கலாம். ஓர் ஆலையில் இந்த ஏற்பாடு தேவைப்படுகிறவர்கள் மிகச் சிலரே. ஆயிரக்கணக்கானவர்களின் அட்டவணையை வாரா வாரம் மாற்றி எழுதத் தெரிந்த நிர்வாகத்துக்குச் சிலரின் பெயரை மாற்றாமல் வைப்பது முடியாத காரியம் அல்ல. இதை நிறுவனங்களின் இரக்கத்துக்கு விடாமல், தொழிற்சங்கங்கள் ஊதிய ஒப்பந்தப் பேச்சில் கோரிக்கையாக வைக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர்த்து.