குடிமகனைத் தொடர்ந்து சென்ற வரி

வருமானத்துக்கு வரி கேட்கும் உரிமையைப் பெரும்பாலான நாடுகள் ஒருவர் வசிக்கும் இடத்தையோ வருமானம் பிறக்கும் இடத்தையோ கொண்டு வரையறுக்க, அமெரிக்க ஐக்கிய நாடுகள் குடியுரிமையையும் பற்றிக்கொண்டதற்கு அதன் உள்நாட்டுப் போரே காரணம். 1861ஆம் ஆண்டுச் சட்டம் உள்நாட்டினருக்கு 3 விழுக்காடு வரி விதித்தபோது, வெளிநாட்டில் வாழ்ந்த குடிமக்கள் அமெரிக்கச் சொத்துகளிலிருந்து பெற்ற வருமானத்துக்கு 5 விழுக்காடு விதித்தது. 1864இல் அவர்கள் எங்கு ஈட்டியதும் வரிக்குள் வந்தது. போரின் சுமையைத் தவிர்த்து ஐரோப்பாவில் சுகமாக வாழ்ந்த செல்வர்மீது எழுந்த சினத்தில் அன்று ஒரு நியாயம் இருந்தது.

போர் முடிந்து பல்லாண்டுகள் கழிந்த பின்பும் அக்கொள்கை நிலைத்தது. மெக்சிகோவிலேயே குடியிருந்து, அங்குள்ள சொத்திலிருந்தே வருமானம் பெற்ற குக் என்னும் அமெரிக்கர் தொடுத்த வழக்கில், அரசின் பாதுகாப்பு குடிமகன் எங்கிருந்தாலும் அவனுக்கு நன்மை தருகிறது என்று கூறி, 1924இல் உச்ச நீதிமன்றம் வரியை உறுதிசெய்தது. அந்த நன்மையின் அளவை அது ஆராயவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அயல்நாட்டில் செலுத்திய வரியை உள்நாட்டு வரியில் கழித்துக்கொள்ளும் வரவுமுறை 1918 முதலே இருந்ததால், இரட்டை வரியின் கடுமை ஓரளவு தணிந்தது.

நிறுவனங்களுக்கோ தாராளம் காட்டப்பட்டது: அயல்நாட்டுத் துணை நிறுவனம் ஈட்டிய லாபம், பங்காதாயமாகத் தாய் நிறுவனத்துக்குத் திரும்பும்வரை பெரும்பாலும் வரிக்கு உட்படவில்லை. 1962இல் சில வகை வருமானங்களுக்கு இச்சலுகை நீக்கப்பட்டாலும், 2017ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அதன் பெரும்பகுதி நீடித்தது.