விழுங்க மறுத்த வெள்ளணுக்கள்

1842-இல் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வந்தது. பின்னாளில் அதே ஊரிலிருந்து பாரி மிட்டாயும் வந்தது. கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பிள்ளைகளின் கடைவாய்க்குள் அது புகுந்ததில் வியப்பில்லை. வியப்பு வேறு. ஒரே பொட்டலத்தைப் பங்குபோட்ட பிள்ளைகளில் அண்ணனுக்குப் பல் கறுத்துச் சொத்தை விழுந்தது. தம்பிக்கு ஒன்றுமே ஆகவில்லை. “அது உடம்பு வாகு” என்று பாட்டிமார் முடித்துவிட்டார்கள். அந்த வாகின் ஒரு நுனி பல்லில் அகப்படவில்லை. ரொட்டி ஈஸ்டில் அகப்பட்டது.

1968-இல் ‘லான்செட்’ இதழில் மில்லர் குழுவினர் ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார்கள். ஓயாத தொற்று, வயிற்றுப்போக்கு, எடையும் ஏறவில்லை. வெள்ளணுக்களுக்கு முன்னால் ஈஸ்டைப் போட்டுப் பார்த்தார்கள். அணுக்களில் கோளாறில்லை, ஆனால் குழந்தையின் பிளாஸ்மாவில் மிதந்தபோது அவை ஈஸ்டை விழுங்க மறுத்தன. வேற்றாள் பிளாஸ்மாவை ஏற்றியதும் குழந்தை தேறியது. ஏதோ ஒன்று குறைந்திருந்தது. எது?

1976-இல் லண்டனில் சூட்ஹில், ஹார்வி இருவரும் அதே சோதனையைச் செய்து திகைத்தார்கள். நல்ல ஆரோக்கியத்தோடு நடமாடியவர்களிலும் நூற்றுக்கு ஐந்தாறு பேரிடம் அதே குறை!

இந்தக் கதையே தெரியாமல், 1978-இல் ஜப்பானில் கவாசாகி குழு முயல் ஈரலிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தது. மானோஸ் என்ற சர்க்கரையைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும் புரதம். இரண்டு கதைகளும் சந்திக்கப் பதினோரு ஆண்டு பிடித்தது.

1989-இல் சூப்பர், டர்னர் குழு முடிச்சுப் போட்டது. குறைந்திருந்தது இதே புரதம்தான். கிருமியின் மேலிருக்கும் சர்க்கரையைப் பிடித்து, வெள்ளணுக்களுக்குக் காட்டிக்கொடுப்பது அதன் வேலை. நல்ல உளவாளி, சிலர் உடம்பில் மட்டும் ஏன் ஆள் பற்றாக்குறை?

1991-இல் விடை வந்தது. மூன்று புரி திரித்த கயிறு மாதிரி இருந்தது அந்தப் புரதத்தின் தண்டு. மூன்றாவது கண்ணிதோறும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் உட்கார்ந்தால்தான் முறுக்கு இறுகும். சிலருக்கு 54-ஆவது கண்ணியில் கிளைசினுக்குப் பதில் பருத்த அஸ்பார்ட்டிக் அமிலம் உட்கார்ந்திருந்தது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வந்த வினை. பிறகு 52, 57-ஆவது கண்ணிகளிலும் பிழைகள் கிடைத்தன.

பல் ஆய்வாளர்களுக்குப் பொறி தட்டியது அதன் பிறகுதான்: சொத்தையும் கிருமியின் வேலைதானே. சொத்தைப் பல் பிள்ளைகளிடம் எம்.பி.எல்.2 என்ற அந்த மரபணுவின் பிழைகளைத் தேடினார்கள். சில ஆய்வுகளில் தொடர்பு தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. பாட்டிமார் சொன்ன வாகு பாதி நிரூபணத்தோடு நிற்கிறது.

1980 முதல் பல் மருத்துவக் கல்லூரி இருக்கும் அண்ணாமலை நகரானாலும் லண்டனானாலும், சொத்தைப் பல்லோடு வரும் பிள்ளைக்கு இன்னும் மரபணுச் சோதனை எழுதுவதில்லை. ராத்திரி பாட்டிலில் இனிப்புப் பால் குடித்தபடியே தூங்குகிறானா என்பதுதான் முதல் கேள்வி.