தண்டுவடப் பாதுகாப்பு (பெருந்தமனி அறுவையில்)

மார்பிலும் வயிற்றிலும் உப்பிப்போன பெருந்தமனியை அகற்றிச் செயற்கைக் குழாய் பொருத்தும்போது, தண்டுவடத்துக்கு இரத்தம் தடைப்பட்டுக் கால்கள் செயலிழக்காமல் காக்கும் முறைகள்.

தண்டுவடத்தின் முன்புற மூன்றில் இரு பங்கை ஒரே ஒரு முன்தமனிதான் ஊட்டுகிறது. அதன் கீழ்ப்பகுதிக்கு முக்கியத் துணை, 1880-களில் ஆல்பர்ட் ஆடம்கீவிச் விவரித்த கிளைத்தமனி. பெரும்பாலும் இடப்பக்கம் புறப்படும் அது, ஆளுக்கு ஆள் இடம் மாறுவதுதான் அறுவை மருத்துவரின் பெருங்கவலை.

பெருந்தமனியைக் கவ்வியால் அடைத்ததும் அதற்குக் கீழே இரத்த அழுத்தம் விழுகிறது. தண்டுவடத்தைச் சூழ்ந்த திரவத்தின் அழுத்தமோ ஏறுகிறது. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் மிஞ்சுவதே தண்டுவடத்துக்கு இரத்தத்தைச் செலுத்தும் விசை. ஆகவே கீழ்முதுகில் மெல்லிய குழாய் செருகித் திரவத்தை வடிப்பதே இம்முறைகளில் தலையாயது. 2002-இல் கொசெல்லி குழுவினர் 145 நோயாளிகளிடம் நடத்தி வெளியிட்ட ஆய்வில், கால் செயலிழப்போ தளர்ச்சியோ வடிக்காதவர்களில் 13 விழுக்காடு, வடித்தவர்களில் 2.6 விழுக்காடு. அளவு மீறி வடித்தால் மண்டையோட்டுக்குள் இரத்தம் கசியலாம்.

உடலைக் குளிர்வித்தல், விலாவிடைத் தமனிகளை மீண்டும் இணைத்தல் ஆகியவையும் கைகொடுக்கும். அறுவை முடிந்து சில நாள் கழித்தும் கால் தளரலாம். உடனே இரத்த அழுத்தத்தை உயர்த்தித் திரவத்தை வடித்தால் மீள்பவர்கள் உண்டு.