பிரவேசப் பரீக்ஷையும் நம் கடமையும்

கம்பைநல்லூர் வாழ் நம்மவர் தம் மக்களை வைத்தியராக்க விரும்புகின்றனர். அதற்குரிய வழி பன்முறை மாறியதை ஈண்டு எடுத்துரைப்போம்.

1857இல் தோன்றிய சென்னைச் சர்வகலாசாலைக்கு மெட்ரிகுலேஷன் பரீக்ஷையே வாயிலாயிருந்தது. வைத்தியம், இஞ்சினீயரிங் கல்விகட்கு 1984இல் தமிழ்நாட்டரசார் தனிப் பிரவேசப் பரீக்ஷை ஏற்படுத்தி, 2007இல் நீக்கினர். அதன்பின் பள்ளிப் பாடத்தைப் பழுதறக் கற்றலே போதுமாயிற்று. 2017 முதல் வைத்தியக் கல்விக்கு நீட் பரீக்ஷை வரவே, பொருளுடையார் பயிற்சி நிலையங்களை நாடினர். 2020இல் அரசுப் பள்ளி மாணாக்கர்க்கு நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கப்பட்டது. எனினும் அவர்க்கும் நீட் தேர்ச்சி இன்றியமையாதது.

தருமபுரியில் 2008 முதல் அரசு வைத்தியக் கல்லூரி உளது. ஆகவே நம் சிறார்க்குத் தூரம் தடையன்று; பயிற்சிச் செலவே தடை. கலியாண ஆடம்பரத்திற் சிறிது குறைத்து, அவர்க்குப் புத்தகமும் போதகரும் அமைத்தல் நம் கடமையாமென்க.