உந்தும் விசையும் ஓட்டும் ஆளும்

மன்னார்த் தீவில், மன்னாரிலிருந்து தலைமன்னார் செல்லும் பாதையில் அமைந்துள்ளது தோட்டவெளி. 1914இல் தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்டது முதல் இவ்வூர் வழியே புகையிரதம் ஓடிற்று. 1990இல் நின்றுபோன அச்சேவை 2015இல் மீண்டும் தொடங்கிற்று. நீராவி இயந்திரம் மறைந்து டீசல் இயந்திரம் வந்த பின்னரும் ஈழத் தமிழர் அவ்வண்டியைப் புகையிரதம் என்றே வழங்குகின்றனர். கண்ணிற்பட்ட புகை பெயராயிற்று. வண்டியை முன்செலுத்திய விசை பெயரில் இடம்பெறவில்லை. அவ்விசையின் தன்மையைக் குறிக்கும் 'புரொப்பல்சிவ்' என்னும் ஆங்கிலப் பெயரடையைத் தமிழில் எங்ஙனம் வழங்குவது என்பதை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

'முன்' எனப் பொருள்படும் 'புரோ', 'தள்ளு' எனப் பொருள்படும் 'பெல்லெரே' என்னும் இலத்தீன் கூறுகளின் வழிவந்தது அச்சொல். இயந்திரத்தின் ஆற்றல், கேட்பாரை ஈர்த்துச்செல்லும் இசை, ஒருவரது செயல்முனைப்பு ஆகிய அனைத்தையும் ஆங்கிலம் அவ்வொரு சொல்லாற் சுட்டுகின்றது.

தமிழிற் கலைச்சொல் ஆக்கியோர் 'உந்து' என்னும் வினையடியை நாடினர். உந்துவிசை என்பது வினைத்தொகை. உந்திய, உந்துகின்ற, உந்தும் என முக்காலமும் அதனுள் அடங்கும். உந்துருளியும் பேருந்தும் இவ்வடியினின்று பிறந்தவையே. பேர், உந்து என்னும் இரண்டும் புணர்ந்தமையின் 'பேரூந்து' என நீட்டி எழுதுதல் பிழையாம்.

எனினும், தமிழில் முன்செலுத்தும் வினை ஒன்றன்று. செல் என்பதிலிருந்து செலுத்து, ஓடு என்பதிலிருந்து ஓட்டு எனப் பிறவினைகள் தோன்றின. இவற்றில் ஓர் ஆளின் கருத்தும் திசையறிவும் தொனிக்கின்றன. உந்து என்பதிலோ விசை மட்டுமே முனைந்து நிற்கின்றது. இவ்வேறுபாடு கடல்சார் வாழ்வினருக்குப் புதியதன்று. சோழகக் காற்று பாயை உந்தலாம். தோணியைக் கரைசேர்ப்பவன் அதனை ஓட்டுபவனே. அகநானூற்றின் 255ஆம் பாடல், காற்று வங்கத்தை இயக்குவதற்கு 'ஆட்டு' என ஒரு வினையும், மாடத்து ஒளியாற் கரையறிந்து நீகான் அதனைச் செலுத்துவதற்கு 'ஒய்' என வேறொரு வினையும் ஆளுதல் நோக்கத்தக்கது.

மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையிலும் இதற்குச் சான்றுண்டு. 1906இல் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்ட வ. உ. சிதம்பரனாரைத் தமிழுலகம் 'கப்பலோட்டிய தமிழன்' என்றே போற்றிற்று. கப்பலை உந்தியது நீராவி, ஓட்டியவர் அவர்.

ஆகவே, அவ்வாங்கிலச் சொல் வருமிடமெல்லாம் 'உந்து' என ஒன்றையே பெய்தல் பொருந்தாதென்பது எமது துணிபு. விசையைக் குறிக்குமிடத்து உந்து என்க. ஆளைக் குறிக்குமிடத்துச் செலுத்தும், ஓட்டும் என்க. இவ்வேறுபாட்டை எமது பாடநூல்கள் இழப்பின், வரலாற்றை இயந்திரங்களே நடத்தின என மாணவர் எண்ண நேரும். நடத்திய மனிதர் மறைந்துபோவர்.