பெட்ரோல் எங்கே நின்றது?

எழுபதுகளில் கொடைக்கானல் மலைச்சாலையில் அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு ஈரத்துணியின் அருமை தெரியும். இரண்டாம் கியரில் திணறி ஏறும் வண்டி ஏதோ ஒரு வளைவில் சட்டென்று நின்றுவிடும். டேங்கில் பெட்ரோல் இருக்கும், பிளக்கில் பொறியும் இருக்கும். ஆனால் இன்ஜினை ஒட்டியிருக்கும் பம்ப்பிலும் குழாயிலும் பெட்ரோல் சூட்டில் ஆவியாகியிருக்கும். மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைவதால் அது இன்னும் சுலபமாகக் கொதிக்கும். ஆவியைத் தள்ள அந்தப் பம்ப்புக்குத் தெம்பில்லை. ஓட்டுநர் பானெட்டைத் திறந்து, பம்ப்பின் மேல் நனைத்த துணியைச் சுற்றிவிட்டு, சூடு தணியக் காத்திருப்பார்.

1983இல் மாருதி வரும்வரை இந்தியச் சாலைகள் பெரும்பாலும் மூன்று கார்களின் வசம் இருந்தன: வங்காளத்து உத்தர்பாராவின் அம்பாசடர், பம்பாயின் பியட், சென்னையை அடுத்துத் தயாரான ஸ்டாண்டர்டு. மூன்றிலும் கார்ப்பரேட்டர்தான். பழுதைக் காட்டிக்கொடுக்கும் கணினி எதுவும் கிடையாது. மெக்கானிக் கேட்டுக்கொண்டது ஒரே கேள்வி: டேங்கிலிருந்து கிளம்பிய பெட்ரோல் எங்கே நின்றது?

அதற்கு விடை தேடிய முறையில் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் கார்ப்பரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி இன்ஜினைச் சுற்றவிடுவார்கள். பெட்ரோல் விட்டுவிட்டுப் பீய்ச்சினால் பம்ப் நலம். வராவிட்டால் டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பார்கள். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அதுவும் இல்லையென்றால் ஃபில்டர், குழாய், பம்ப்பின் டயாஃபிரம் என்று ஒவ்வொன்றாகச் சோதனை. பெட்ரோல் வந்தும் இன்ஜின் மிஸ் ஆனால் கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் சேம்பரைத் திறப்பார்கள். அடியில் துருவோ தண்ணீரோ கிடக்கும். ஜெட் அடைத்திருந்தால் ஊதித்தான் எடுப்பார்கள். கம்பி விட்டால் பித்தளைத் துளை பெரிதாகி, வண்டி காலத்துக்கும் பெட்ரோல் குடிக்கும்.

காதுக்கும் வேலை இருந்தது. பல அம்பாசடர்களில் இருந்த எஸ்.யு. கார்ப்பரேட்டர் ஒரு காலணி வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஆங்கிலேயரான ஜார்ஜ் ஸ்கின்னரின் ஆக்கம். ஆரம்பத்தில் அதன் துருத்தியே தோலால் ஆனது. ஐட்லிங்கில் அதன் பிஸ்டனை மிக லேசாக உயர்த்தினால் போதும். வேகம் கூடி அப்படியே நீடித்தால் பெட்ரோல் அதிகம், இன்ஜின் அணைந்தால் குறைவு, சற்றே கூடி உடனே தணிந்தால் அளவு சரி. இவ்வளவு எளிய, இவ்வளவு நேர்மையான சோதனை இயந்திர உலகில் அபூர்வம்.

வண்டியில் குறையே இல்லாமல் பெட்ரோலே குற்றவாளியாக இருந்ததும் உண்டு. அப்போது மானிய விலை மண்ணெண்ணெய் மலிவு; அதைப் பெட்ரோலில் கலப்பது கொழுத்த லாபம். பிளக் கரி பிடிக்கும், இன்ஜின் தட்டும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். வடிதாளில் ஒரு சொட்டு விட்டால் நல்ல பெட்ரோல் தடமின்றி ஆவியாகும், கலப்படம் கறை விடும். வாடிக்கையாளர் எந்த பங்க்கிலும் இந்தச் சோதனையைக் கேட்கலாம். கலப்படத்தின் பின்னால் இருந்த பணம் சாதாரணமானதல்ல. உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் அதைத் தட்டிக்கேட்ட இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம், 2005 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 27.

2000க்குப் பிறகு மாசு விதிகள் இறுகின. புதிய கார்களில் கார்ப்பரேட்டர் இருந்த இடத்துக்கு எம்.பி.எஃப்.ஐ. என்ற எரிபொருள் பீய்ச்சும் முறை வந்தது. 2014இல் அம்பாசடர் உற்பத்தியும் நின்றது.

பழைய கார்களை இன்னும் ஓட்டுகிறவர்களுக்கு இப்போது எத்தனால் புதுக் கவலை. 2023இல் அறிமுகமான இ20 பெட்ரோலில் அதன் பங்கு 20 சதவீதம். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் டயாஃபிரத்தையும் உப்பவைக்கும், டேங்கில் பல ஆண்டுகளாகப் படிந்த அழுக்கைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற பியட்டை வெளியே எடுப்பவர் முதலில் பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாட்டி, பிறகு ஃப்ளோட் சேம்பரைத் திறந்து பார்ப்பது நல்லது.