கரம்ஷி ஜேட்டாபாய் சோமையா

கரம்ஷி ஜேட்டாபாய் சோமையா (1902–1999) மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த சர்க்கரை ஆலை அதிபர், கல்விக் கொடையாளர். மும்பையில் குர்லாவுக்கும் காட்கோபருக்கும் நடுவே அமைந்த சோமையா வித்யாவிஹார் கல்வி வளாகத்தை 1959-இல் நிறுவியவர். மத்திய ரயில்வேயின் புறநகர்ப் பாதையில் அங்குள்ள நிலையத்துக்கு வித்யாவிஹார் என்ற பெயர் வந்தது இந்த வளாகத்தால்தான். அந்த வழியாகத் தினமும் வேலைக்குப் போய்வரும் தமிழர்கள் பலர் சோமையா என்பதை ஒரு கல்லூரிப் பெயராக மட்டுமே அறிவார்கள். பெயரைக் கேட்டு ஆந்திரக்காரர் என்று எண்ணுபவர்களும் உண்டு. ஆனால் அவர் கச்சுப் பகுதியை மூலமாகக் கொண்ட லோகாணா வணிகக் குடும்பத்தில் பிறந்தவர்.

1902 மே 16 அன்று அகமத்நகர் மாவட்டத்தின் (இன்றைய அகில்யாநகர்) மாலுஞ்சர் என்ற சிற்றூரில் பிறந்தார். குடும்பத் தொழில் வணிகம். இளம் வயதிலேயே சர்க்கரை வியாபாரத்தில் இறங்கி, மொத்த வணிகத்தில் பெரிய பெயர் எடுத்தார். சர்க்கரை ராஜா என்று சந்தையில் அழைக்கப்பட்டார். விற்பவராக இருந்தவர் உற்பத்தியாளராக மாறியதற்குக் காலமும் கைகொடுத்தது. 1932-இல் வந்த சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் ஜாவாவிலிருந்து வந்து குவிந்த மலிவுச் சர்க்கரைக்குத் தடுப்புப் போட, சில ஆண்டுகளிலேயே நாட்டில் ஆலைகள் பல மடங்காகப் பெருகின. கோதாவரிக் கால்வாய்ப் பாசனத்தால் கோபர்காவ் தாலுகாவில் கரும்பு செழித்தது. அங்கே 1939-இல் கோதாவரி சர்க்கரை ஆலை நிறுவனத்தைத் தொடங்கினார். சாகர்வாடி, லட்சுமிவாடி என்ற இரண்டு ஆலைக் குடியிருப்புகள் உருவாயின. முதலாவது அவருடைய மனைவி சாகர்பாயின் பெயரைத் தாங்கியது.

சோமையாவின் சேவையைப் புரிந்துகொள்ள இந்தத் தொழிலின் இயல்பைக் கவனிக்க வேண்டும். வெட்டிய கரும்பு நேரம் ஆக ஆகச் சர்க்கரைச் சத்தை இழக்கும். ஒரு நாளைக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும். ஆகவே பருத்தி ஆலைபோல அதை நகரத்தில் வைக்க முடியாது, வயலுக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். வயலுக்குப் பக்கத்தில் அன்று நல்ல சாலை இல்லை, மருத்துவமனை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. மின்பணியாளர், கொதிகலன் ஆள், வேதியியலர், கணக்கர் எல்லாரும் குடும்பத்தோடு அங்கே வந்து தங்க வேண்டுமென்றால் ஆலைக்காரர் முதலில் ஓர் ஊரையே கட்டியாக வேண்டும். பெரும்பாலான முதலாளிகள் அந்த ஊரை ஆலைவேலிக்குள் நிறுத்திக்கொண்டார்கள். சோமையா நிறுத்தவில்லை. சாகர்வாடியில் தொழிலாளர் பிள்ளைகளுக்கு என ஆரம்பித்த பள்ளி, அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கும் உரியதாயிற்று. அவருடைய பிற்காலப் பணி முழுவதற்கும் ஊற்று அங்கேதான் என்று நான் கருதுகிறேன். கோபர்காவில் ஒரு கல்லூரியும் இன்று அவர் பெயரில் இயங்குகிறது.

அதே மாவட்டத்தில் வேறொரு வரலாறும் நடந்துகொண்டிருந்தது. விட்டல்ராவ் விகே பாட்டீலும் பொருளியல் அறிஞர் தனஞ்சயராவ் காட்கிலும் முன்னின்று, 1950-ஐ ஒட்டிப் பிரவரா பகுதியில் விவசாயிகளின் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைக் கட்டினார்கள். அதன்பிறகு மகாராஷ்டிரத்தில் கரும்பு என்றாலே கூட்டுறவு என்றாகி, தனியார் ஆலைகளுக்கு இடம் சுருங்கியது. சோமையா குழுமம் சர்க்கரைக் கழிவுப்பாகிலிருந்து எரிசாராயமும் அதிலிருந்து வேதிப்பொருள்களும் தயாரிக்கும் வழியில் சென்றது. கர்நாடகத்தின் சமீர்வாடியில் பெரிய ஆலை எழுந்தது.

காட்கோபர்ப் பக்கம்

1950-களின் மும்பையில் கல்லூரி என்றால் தென்பகுதிதான். வடக்கே வந்தால் மாதுங்காவின் ருயா (1937), போதார் (1941) கல்லூரிகள். அதற்கும் அப்பால், மக்கள்தொகை வேகமாக ஏறிக்கொண்டிருந்த கிழக்குப் புறநகருக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. குர்லாவில் மோட்டார் ஆலை, விக்ரோலியில் கோத்ரெஜ், டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி ஆய்வு மையமும் வந்துவிட்டன. வேலை தேடி வந்த தமிழர்கள் செம்பூரிலும் காட்கோபரிலும் வேரூன்றிவிட்டார்கள். காட்கோபர் கிழக்கில் காமராஜர் பெயரில் ஒரு நகரே உண்டு. அவர்களின் பிள்ளைகள் பள்ளிப்படிப்பை முடித்ததும் மாதுங்காவுக்கோ அதற்கும் தெற்கேயோ ரயிலேற வேண்டியிருந்தது.

சோமையா இடம் தேர்ந்தது இந்தக் காலத்தில். 1960-இல் கலை அறிவியல் கல்லூரி திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் தென்னிந்தியக் கல்விச் சங்கம் சயானில் தன் கல்லூரியைத் தொடங்கியது. 1963-இல் காட்கோபரில் ஹிந்தி வித்யா பிரசார் சமிதியின் ஜுன்ஜுன்வாலா கல்லூரி வந்தது. மூன்றே ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு மொழிக்காரர்கள் ஒரே ரயில் பாதையின் கல்விப் பஞ்சத்தைத் தீர்த்தார்கள். மும்பையின் வரலாற்றில் இது போதிய அளவு பேசப்படாத செய்தி. ஆலைகளுக்குத் தேவையான தொழில்நுட்பப் பணியாளர்களை உருவாக்க 1965-இல் சோமையா பாலிடெக்னிக் வந்தது.

1981-இல் மேலாண்மை நிறுவனமும் 1983-இல் பொறியியல் கல்லூரியும் சேர்ந்தன. மாநில அரசு தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்த ஆண்டு அது. ஆரம்பத்தில் வந்த கல்லூரி அரசு உதவி பெற்றது, கட்டணம் குறைவு. பின்னால் வந்தவை பெரும் கட்டணம் வாங்குபவை. இரண்டையும் ஒரே தராசில் வைத்துக் கொடை என்று சொல்வது சரியாகாது. சோமையாவின் பெயரை நன்றியோடு சொல்பவர்களில் பெரும்பாலோர் முதல் வகைக் கல்லூரியில் படித்த நடுத்தர, ஏழைக் குடும்பத்தினரே.

1989-இல் இந்தியப் பண்பாட்டு ஆய்வுக்கான பாரதிய சம்ஸ்கிருதி பீடம் தொடங்கியது. இந்து, பௌத்த, சமண சமயங்களைப் பற்றிய கல்வியும் ஆராய்ச்சியும் வளாகத்தில் தனி இடம் பெற்றன. 1991-இல் சயான் சுனாபட்டியில் மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் கொண்ட ஆயுர்விஹார் வளாகம் எழுந்தது. தாராவியும் சயான் கோலிவாடாவும் அங்கிருந்து எட்டும் தூரம்.

நகரத்தில் இவ்வளவு கட்டியவர் நாட்டுப்புறத்தை மறக்கவில்லை. தஹாணுப் பக்கம் நரேஷ்வாடியில், வார்லி முதலான பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி அவருடைய முயற்சி. மும்பைக்கு அருகே இருந்தும் அரசின் கண்ணுக்குத் தொலைவில் இருந்த மலைப்பகுதி அது. பேர் கிடைக்காத இடத்தில் செலவிட்ட இந்தப் பணத்தைத்தான் அவருடைய கொடைகளில் உயர்ந்ததாக நான் மதிக்கிறேன்.

தமிழ் வாசகருக்கு இங்கே அழகப்பச் செட்டியார் நினைவுக்கு வருவார். 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கி, மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தவர். அவர் ஐம்பது வயதைத் தொடாமல் மறைந்தார். சோமையாவுக்கு நீண்ட ஆயுள் வாய்த்ததால், தாம் நட்டதை நாற்பது ஆண்டுகள் உடனிருந்து வளர்க்க முடிந்தது.

1999-இல் சோமையா காலமானார். அறக்கட்டளைப் பொறுப்பு மகன் சாந்திலாலிடமும், 2010-இல் அவர் மறைந்த பின் பேரன் சமீரிடமும் சென்றது. வித்யாவிஹார் வளாகம் 2019-இல் சோமையா வித்யாவிஹார் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டது.